டொக்டரம்மாவின் பத்துமணிச் சாப்பாடு

எங்கள் ஒழுங்கையால் ஒரு மனிதர் பேசாமல் நடந்து போக முடியாது. டொக்டரம்மா கூப்பிட்டுவிடுவார். மீன் கொண்டுவருகிறவர், தபால்காரர், கோயிலுக்குப் பூ எடுத்துப் போகிறவர், ரோந்து வரும் ஆமிக்காரன், அந்த ஆமிக்காரனுக்கு ஒளித்து வேலி வேலியாகப் பதுங்கி வரும் இயக்கப் பொடியன், எல்லாருக்கும் ஒரே கூப்பாடுதான். "ஆரது போற? வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க!" பெயர் தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தெரியாவிட்டால் நிறுத்திவைத்துப் பெயரைக் கேட்டு, பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒருமுறை கேட்ட பெயரை அவர் மறந்து நான் கண்டதில்லை. அந்தக் குரல் வாவிக்கு அக்கரை வரைக்கும் கேட்கும் என்று என் புருஷன் பகிடி பண்ணுவார். அக்கரை வரைக்கும் என்பது புளுகு. நடு வாவியில் தோணியில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பதை மட்டும் நானே கண்டிருக்கிறேன்.

பெயர்தான் டொக்டரம்மா. செத்துப்போன அவருடைய புருஷன் டொக்டர் இல்லை, மலைநாட்டுத் தோட்டமொன்றில் மருந்து கலந்து கொடுத்துவிட்டு, பென்சனோடு ஊருக்கு வந்த அப்போதிக்கரி. டொக்டரம்மாவுடன் சண்டை பிடித்தவர்கள் "அப்போதிக்கரி பொண்டாட்டி" என்று குத்திச் சொல்வார்கள். அதற்கு அவர் கோபித்ததில்லை. "ஓம், அப்போதிக்கரிதான். இந்த ஊரில பாதிப் பேரின்ட கட்ட அவர்தான் கீறி விட்ட. சீழோட வரக்குள்ள டொக்டரா எண்டு ஆரும் கேக்கல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்களையும் உள்ளே வந்து சாப்பிடச் சொல்வார்.

நான் வெல்லாவெளிப் பக்கம் பிறந்தவள். எங்கள் வழமையில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் ஆண்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். அப்பா வட்டையில் ஒரு துண்டு வயலை விற்று, டவுனுக்குக் கிட்டே வாவிக்கரையில் எனக்கு ஒரு வளவும் சின்னக் கல்வீடும் வாங்கித் தந்தார். அடுத்த வளவு டொக்டரம்மாவுடையது. நடுவில் கிடுகு வேலி. நாங்கள் குடிவந்த முதல் காலையிலேயே வேலிக்கு மேலால் ஒரு கை ஒரு கோப்பை பால்சோற்றுடன் நீண்டது. நான் இயல்பிலேயே கொஞ்சம் முறைப்பானவள். "நாங்க சாப்பிட்டுட்டம்" என்றேன். கை போகவில்லை. "பொய் சொல்லாத மகள். உன்ட அடுப்பில இன்னும் புகை வரல்ல" என்றது குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அவருடைய உபசாரத்தில் அன்பு எவ்வளவோ அவ்வளவு அடியும் இருந்தது. ஒரு நாள் மண்ணெண்ணெய் விற்க வந்தவர் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டொக்டரம்மா கையிலிருந்த பீங்கானை அப்படியே எறிந்தார். மனிதனின் நெற்றி பிளந்துவிட்டது. பிறகு புருஷனின் பழைய மருந்துப் பெட்டியைத் திறந்து, தானே ஸ்பிரிட் ஊற்றிக் கழுவி, மூன்று தையலும் போட்டு, அந்த மனிதன் அழுதுகொண்டிருக்கவே ஊட்டிவிட்டார். மண்ணெண்ணெய்க்காரர் அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது வெறும் வயிற்றோடுதான் வந்தார். நான் சிரித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

யுத்தம் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோதும் அவர் அப்படியே இருந்தார். இரண்டு பொடியன்கள் ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் கேட்டு அவருடைய குசினி வாசலுக்கு வந்தார்கள். தோளில் துவக்கு. "பார்சல் என்னத்துக்கு? இரிந்து சாப்பிடுங்க. துவக்க மட்டும் வெளிய வைங்க" என்றார் டொக்டரம்மா. ஒருவன் வைத்தான். மற்றவன் மீசை கூட முளைக்காதவன், அவனுக்கு ரோசம். வைக்க மாட்டேன் என்று உள்ளே காலெடுத்து வைத்தான். இவர் அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். அவன் துவக்கின் பிடியால் அவர் கன்னத்தில் ஓங்கி அடித்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டொக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வாயிலிருந்து ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார்.

"சரி, அடிச்சிட்டாய். இப்ப துவக்க வெளிய வச்சிட்டு வா மனே. சோறு ஆறுது."

 அவன் துவக்கை வாசலில் சார்த்திவைத்துவிட்டு வந்து சப்பணம் கட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே மீன் குழம்பு ஊற்றினார். இரண்டு கிழமையில் அவன் செத்துப்போனான் என்று கேள்விப்பட்டபோது, தலையில் அடித்து அழுதவரும் அவர்தான்.

இன்னொன்று. வாவியில் பிணங்கள் மிதந்து வந்த காலம் அது. கரையில் ஒதுங்கினால் யாரும் தொடக்கூடாது என்பது ஆமிக் காம்பின் கட்டளை. ஒரு காலை அவருடைய வளவுக் கரையில் ஒருவன் வந்து ஒதுங்கியிருந்தான். கை இரண்டும் பின்னால் கட்டி, முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. டொக்டரம்மா குரல் கொடுத்தார். ஒழுங்கையில் நின்ற ஆறு ஆண்கள் போனார்கள், அவர் கூப்பிட்டால் போகாமல் முடியாதே. தூக்கிக் கரையேற்றி, வளவு மூலையிலேயே புதைத்தார்கள். கைகால் கழுவி வந்தவர்களை வரிசையாக இருத்தி இடியப்பமும் சொதியும் வைத்தார். என் புருஷன் சாப்பிட முடியாமல் இரண்டு தரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். "எடுத்திட்டு வந்து சாப்பிடு. பிணம் தூக்கின உடம்பு வெறுவயித்தில இரிக்கப்படாது" என்று திரும்பவும் இருத்தினார். எனக்கு அவரிடம் பயம் வரத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஒருவரைக் கூப்பிடும்போது அவருக்கு என்ன வரும் என்று இந்த மனுசி யோசிப்பதே இல்லையோ என்று நினைத்தேன்.

அவருக்கு அறுபது வயது வந்தது. லண்டனில் இருந்த மகள் ஒரு கடிதத்துடன் சில படங்களை அனுப்பியிருந்தாள். புல்வெளியில் வெள்ளை விரித்த மேசைகள், கண்ணாடிச் சாடியில் பூக்கள், தொப்பி போட்ட பெண்கள். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் சாப்பிடுவதாம், பிரன்ச் என்று பெயராம். டொக்டரம்மாவுக்கு அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பின்னேரம் விருந்து வைக்க வழியில்லை, ஆறு மணிக்கு ஊரடங்கு. விடியவும் ஏலாது, ஒன்பது மணி வரைக்கும் ஆமி ரோட்டில் கண்ணிவெடி தேடும். பத்து மணி தொடக்கம் ஒரு மணி வரை ஊரில் ஆட்கள் மூச்சு விடுகிற நேரம். வெள்ளைக்காரன் எங்களுக்கென்றே கண்டுபிடித்த சாப்பாடு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் ஒழுங்கை அதைப் பத்துமணிச் சாப்பாடு என்றது.

புருஷன் இல்லாத மனுசிக்கு அறுபது ஒரு கேடா என்றும் ஒழுங்கை சொன்னது. அதுவும் அவர் காதுக்குப் போனது. "நான் கலியாணமா முடிக்கப் போறன்? அறுவது வருசம் உசிரோட இரிந்திரிக்கன். இந்த ஊரில அது லேசான வேலையா?" என்று கேட்டார். 

முப்பது பேருக்கு அழைப்பு. கூட்டம் கூடக் காம்பில் அனுமதி வேண்டும். ஒரு பெட்டி கட்லிஸுடன் தானே போய் முத்திரை குத்திய கடிதம் வாங்கி வந்தார். கதிரைக்கும் ஆள் சொல்லியாயிற்று. எங்கள் பக்கத்தில் கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் கதிரை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவன் இருந்தான். என் புருஷனின் கூட்டாளி. அவனுக்கு ஒரு கெட்டித்தனம். வாவிக்கரை மணலில் கதிரை போட்டால் கால் புதைந்து, பாரமான ஆட்கள் பின்பக்கமாய் விழுவார்கள். அவன் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பான். சிரட்டை விலகினால் குனிய மாட்டான். ஒரு கையால் கதிரையின் முதுகைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கி, பெருவிரலால் சிரட்டையை உள்ளே தட்டிவிடுவான். கண்மூடித் திறப்பதற்குள் கதிரை நேராகிவிடும். நாங்களும் செய்து பார்த்திருக்கிறோம், ஒருவருக்கும் வரவில்லை. டொக்டரம்மா அவனைக் கதிரை கொண்டுவரச் சொன்னதோடு, அவனும் ஒரு கதிரையில் இருந்து சாப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

பிறந்தநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது பாலத்துச் சோதனைச்சாவடியில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் பெண்சாதி காம்பு காம்பாக அலைந்தாள். அப்படி ஒரு ஆள் இல்லை என்றார்கள். எனக்கு அந்த மூன்று கிழமையும் நித்திரையில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு மாதம் முந்தி, வயிற்றில் துவக்குச் சூடுபட்ட ஒரு இயக்கப் பொடியனை அவனும் என் புருஷனும் சேர்ந்து எங்கள் தோணியில் ஏற்றி வாவிக்கு மேற்கே, இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரையில் இறக்கிவிட்டிருந்தார்கள். அது தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அடி தாங்காமல் அவன் வாயைத் திறந்தால் என் வீட்டு ஆம்பிளை இல்லை.

ஆனாலும் விருந்து நிற்கவில்லை. சொன்ன சொல்லை மாற்ற டொக்டரம்மாவுக்குத் தெரியாது. என் புருஷன் போய் கதிரைகளை ஏற்றிவந்தார். நாங்கள் முழங்காலில் நின்று சிரட்டை வைத்தோம். கஜு மரங்களுக்குக் கீழே மூன்று நீள மேசை. படுக்கை விரிப்புகளை நீலமும் கஞ்சியும் போட்டு, சிரட்டைக்கரிப் பெட்டியால் அழுத்தி, மடிப்புக் கூர்மையாக நிற்கும்படி விரித்திருந்தார். ஜாம் போத்தல்களில் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும். நண்டுக்கறி, முட்டை அப்பம், இறால் பற்றிஸ், பழுகாமத்திலிருந்து முட்டியோடு வந்த எருமைத் தயிர், வெள்ளை ஐசிங் போட்ட கேக். சீனி எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. டொக்டரம்மா இளம் மஞ்சள் ஜோர்ஜெட் சேலை கட்டி, தலையில் ஒரு ஓலைத் தொப்பியும் வைத்திருந்தார். விழுந்துபோன பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தார். எனக்கு அவரை அப்போது கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை, நான் அப்படிப்பட்டவள் இல்லை.

பத்தரை மணியிருக்கும். அப்பம் இரண்டாம் சுற்று வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒழுங்கையாலும் பின்னால் வாவிக் கரையாலும் ஒரே நேரத்தில் ஆமி ஏறியது. எங்கள் காம்பின் ஆட்கள் இல்லை, வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். டொக்டரம்மா முத்திரைக் கடிதத்தை நீட்டினார். அதிகாரி அதை வாங்கிக் கையைத் துடைத்துவிட்டுக் கீழே போட்டான். பெண்கள் கதிரையை விட்டு எழும்பக்கூடாது, ஆண்கள் எல்லாரும் எழும்பி மரத்தடியில் வரிசையாக நிற்க வேண்டும் என்று தமிழ் தெரிந்த ஒருவன் கத்தினான். பன்னிரண்டு ஆண்கள் போய் நின்றார்கள். ஒருவர் கையில் பாதி தின்ற பற்றிஸ் அப்படியே இருந்தது.

பிறகு தலையாட்டியைக் கொண்டுவந்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிடிபட்ட ஒருவனை அடித்து உடைத்து, தலையிலிருந்து இடுப்பு வரை சாக்கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, ஆட்களுக்கு முன்னால் நடக்கவிடுவார்கள். யாரைப் பார்த்து அவன் தலையாட்டுகிறானோ அந்த ஆள் லொறியில் ஏற வேண்டும். ஏறியவர்கள் திரும்பி வந்தது குறைவு.

சாக்கு மேசைகளுக்கு நடுவால் நடந்து வந்தது. வெறுங்கால், வீங்கிய கால். இரண்டு பக்கமும் இரண்டு சிப்பாய்கள். ஒரு சிப்பாயின் சப்பாத்துத் தட்டி ஒரு வெறுங்கதிரை சரிந்தது. சாக்குக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து கதிரையின் முதுகைப் பிடித்துத் தூக்கியது. பெருவிரல் சிரட்டையை உள்ளே தட்டியது. கதிரை நேராக நின்றது. கை திரும்பச் சாக்குக்குள் போனது. தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

எனக்குத் தெரிந்தது. வரிசையில் நின்ற என் புருஷனின் முகம் வெளிறியதிலிருந்து அவருக்கும் தெரிந்தது என்று கண்டேன். தயிர் முட்டிக்குப் பக்கத்தில் இருந்த டொக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

முதல் மூன்று பேரைத் தலையாட்டி தாண்டிப்போனான். நாலாவது, கூட்டுறவுக் கடையில் நிறுவை பார்க்கும் மனிதர், இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். சாக்கு ஆடியது. தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் பெண்சாதி எழும்பி ஓடினாள். துவக்குப் பிடியால் அடி வயிற்றில் விழுந்தது. அவள் நண்டுக்கறிச் சட்டிக்கு மேலே விழுந்தாள். அஞ்சு, ஆறு, ஏழு, தாண்டிப்போனான். எட்டாவது என் புருஷன். சாக்கு அவருக்கு முன்னால் வந்து நின்றது. நகரவில்லை. அந்த இரண்டு ஓட்டையும் அவரையே பார்த்தன. நான் கடவுளைக் கூப்பிடவில்லை. அவன் செத்துப்போகட்டும், இந்த நிமிடமே நெஞ்சு வெடித்துச் செத்துப்போகட்டும் என்று மனதுக்குள் கத்தினேன்.

அப்போது டொக்டரம்மா கூப்பிட்டார். ஒழுங்கை முழுவதும் கேட்கிற அதே குரல். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கு அதை முப்பது பேர் கேட்டது போதும்.

"வா மனே. கையக் கழுவிட்டு வந்து இரி. உனக்கெண்டு எடுத்து வச்சிரிக்கி. சாப்பிட்டுட்டுப் போ."

சொல்லிக்கொண்டே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.  அதிகாரி தமிழ் தெரிந்தவனிடம் என்ன என்று கேட்டான். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். சாக்கு நடுங்கத் தொடங்கியது. கால்வழியாக மூத்திரம் இறங்கி மணல் நனைந்தது. ஒரு சிப்பாய் அவன் பிடரியில் அடித்து ஆட்டு, ஆட்டு என்றான். அவன் ஆட்டவில்லை. அப்படியே குந்தி, சாக்கோடு சுருண்டு படுத்துவிட்டான். முகம் மூடியிருக்கும் வரைக்கும்தான் அவனால் அவர்களுக்கு உபயோகம். பெயர் வெளியே வந்த பிறகு அது வெறும் சாக்கு.

அதிகாரி நடந்து வந்து டொக்டரம்மாவைப் புறங்கையால் அறைந்தான். அவர் கேக்குக்கு மேலே விழுந்தார். அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. மேசைகளைப் புரட்டினார்கள். கதிரைகளைத் தூக்கி ஆண்களின் முதுகில் அடித்து உடைத்தார்கள். உடைந்த கால்களாலும் அடித்தார்கள். என் புருஷனின் தோள் எலும்பு முறிந்தது. ஒருவருக்கு ஒரு கண் போனது. அரை மணித்தியாலம். பிறகு நிறுவைக்காரரையும் சாக்கையும் லொறியில் எறிந்துகொண்டு போய்விட்டார்கள். நிறுவைக்காரர் திரும்பி வரவேயில்லை.

டொக்டரம்மா எழும்பினார். முகத்தில் இரத்தமும் ஐசிங்கும். மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கட்டுப் போட்டார். பிறகு மண் படாத அப்பங்களைப் பொறுக்கி, மிஞ்சிய தயிரை வழித்து, முனகிக்கொண்டு கிடந்தவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். எங்களுக்குப் பசித்தது.

அன்று பின்னேரம் வேலியடியில் நின்று அவரைக் கேட்டேன். "தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா? பேர் வெளிய வந்தா அவன இனி ஆர் விடுவாங்க?"

"தெரிஞ்சுதான் கூப்பிட்டன்" என்றார். வீங்கிய உதட்டால் சொல் சரியாக வரவில்லை. "உன்ட புருசனுக்கு முன்னால வந்து நிண்டுட்டான். கொஞ்சம் விட்டிருந்தா ஆட்டியிரிப்பான். எனக்கு வேற என்னகா தெரியும்? கூப்பிடத்தான் தெரியும்."

நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. என் புருஷனுக்குக் கஞ்சி வைக்கப் போனேன்.

ஒன்பதாம் நாள் கதிரைக்காரனை விட்டுவிட்டார்கள். உதவாத சாமானைக் கொண்டுவந்து போடுவதுபோல் சந்தியில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவன் பெண்சாதி வீட்டுக்குப் போனான். முதலே சொன்னேனே, வீடு பெண்ணுடையது. நிறுவைக்காரரின் பிள்ளைகள் அடுத்த தெருவில் அழுதுகொண்டிருக்க, மாமியார் கதவைப் பூட்டினாள். தாய் தகப்பன் வாழைச்சேனைப் பக்கம் எங்கேயோ இடம்பெயர்ந்து போயிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைக்குப் பெண்சாதி வீட்டுப் படலை சாத்தினால் பிறகு இந்த உலகத்தில் ஒரு படலையும் இல்லை.

மத்தியானம் அவன் எங்கள் ஒழுங்கைக்கு வந்தான். கோயில் மணி அடித்து முடிந்த நேரம். என் புருஷன் தோளில் கட்டோடு உள்ளே நித்திரை. நான் கிணற்றடியில் நின்றேன். டொக்டரம்மா தன்னுடைய முற்றத்தில், கையில் விளக்குமாறு. அவன் டொக்டரம்மாவின் படலைக்கு முன்னால் வந்து நின்றான். படலையைத் தொடவில்லை. முகம் கறுத்து, ஒரு காதில் இரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே பார்க்கவும் இல்லை. சும்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூப்பிடும்வரைக்கும் நிற்கிறான் என்று எனக்கு விளங்கியது.

டொக்டரம்மா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வேலியடிக்கு வந்து, கிடுகு இடைவெளியால் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த வரைக்கும் அவர் ஒருவரிடம் உத்தரவு கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"கூப்பிடட்டா மகள்?"

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவன் உள்ளே வந்தால் பொடியன்கள் தேடி வருவார்கள். அடுத்த வீடு எங்களுடையது. ஆமி திரும்பப் பிடித்தால் திரும்பவும் சாக்குப் போடும். அவன் உயிரோடு இருக்கும்வரை என் புருஷனின் பெயர் அவன் வாய்க்குள் இருக்கிறது. இவ்வளவையும் தெளிவாக யோசித்தேன். அவன் அன்றைக்கு ஆட்டவில்லையே என்பதையும் யோசித்தேன்.

"வேணாம்" என்றேன்.

அவன் கேட்டானோ தெரியாது. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வந்த வழியே சந்திப் பக்கம் நடந்தான். வெயில் கொளுத்தியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. டொக்டரம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் அள்ளினேன்.

அடுத்த நாள் காலை சந்தி விளக்குக் கம்பத்தில் அவனைக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் ஒரு சூடு. கழுத்தில் தொங்கிய மட்டையில் துரோகி என்று எழுதி, உடலை யாரும் தொடக்கூடாது என்றும் எழுதியிருந்தது. டொக்டரம்மா தேங்காய் துருவுகிற நேரத்தில் அதைக் கேட்டார். கத்தியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் கயிற்றை அறுத்தார். ஒரு ஆணும் உதவிக்கு வரவில்லை, அவர் ஒருவரையும் கூப்பிடவும் இல்லை. அவ்வளவு பெரிய உடம்பைச் சேலைத் தலைப்பால் கட்டி, மணலில் இழுத்துக்கொண்டு ஒழுங்கை நீளத்துக்கும் வந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, இழுபடுகிற சத்தம் எங்கள் படலையைத் தாண்டும் வரைக்கும் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. ஆட்கள் முதலில் கூச்சத்தோடு அந்தப் படலையைக் கடந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். என்னோடு அவர் கோபமில்லை. வேலிக்கு மேலால் பேசுவார், காய்ச்சல் என்றால் மருந்து தருவார். இரண்டு வருடத்தில் மகள் அவரை லண்டனுக்கு எடுத்துக்கொண்டாள். அங்கேயே செத்துப்போனார்.

என் புருஷனுக்கு இப்போது அறுபத்தாறு வயது. மழைநாளில் தோள் குத்தும். அப்போது அவனைப் பற்றித்தான் பேசுவார். "அவன் ஏன் நேர டொக்டரம்மா வீட்டுக்குள்ள போகல்ல? அவ கூப்பிட்டிரிப்பாவே. நானும் வந்திரிப்பன். ரெண்டு பேருமாத் தூர எங்கயாவது அனுப்பியிரிக்கலாம். எனக்காகத் தலைய ஆட்டாமக் கிடந்தவன்" என்பார். ஒவ்வொரு தரமும் கண் கலங்கும். முப்பது வருடமாக நான், "அவன் அந்தப் பக்கம் வரவேயில்லையே" என்று சொல்லி வருகிறேன். இதை எழுதி முடித்ததும் அவரிடம்தான் முதலில் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன்.